லினக்ஸ் கெர்னலில் காலாவதியான ஆவணங்களை நீக்குவது எப்படி: புதியவர்களுக்கு

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஒரு முறை உயிர்ப்பிக்க முயன்றேன். ஹார்ட் டிஸ்க் அடிக்கடி திணறியது. தேடியதில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பற்றிய ஒரு பழைய ஆவணம் அகப்பட்டது. டிஎம்ஏ-வை (தட்டு நேரடியாக நினைவகத்தோடு பேசும் வசதி) அணைக்க, கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் பூட் வரியில் இன்ன பாராமீட்டரைச் சேர்க்கவும் என்று அதில் இருந்தது. சேர்த்தேன், ஒன்றும் மாறவில்லை. எழுத்தை மாற்றிப் பார்த்தேன், இடத்தை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. ராத்திரி இரண்டு மணி வாக்கில்தான் விஷயம் புரிந்தது. அந்தப் பாராமீட்டரைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய டிரைவரே (வன்தட்டை இயக்கும் நிரல்) என் கெர்னலில் இல்லை. தெரியாத பாராமீட்டர் வந்தால் கெர்னல் நின்றுவிடாது, அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும்.

இல்லாத ஆவணம் இப்படி யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது. செத்துப்போன ஆவணம் கெடுக்கும். அதனால்தான் கெர்னலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், எழுத்துப்பிழை திருத்துவதை விட்டுவிட்டு ஒரு செத்த ஆவணத்தைக் கண்டுபிடித்து எடுத்துப் போடுங்கள் என்கிறேன். சி மொழியைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்தால் போதும். கோப்பை அழிக்கும் கட்டளை ஒரே வரிதான். அதை அழிக்கலாம் என்று நிரூபிக்கத்தான் ஒரு சாயங்காலம் ஆகும். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அந்தச் சாயங்காலத்தைப் பற்றியதுதான்.

முதலில் முழு வரலாறும் கையில் இருக்கட்டும்

கெர்னல் மூலநிரலை கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) வழியாக இறக்குங்கள். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆழத்தை 1 ஆக வைத்து மேலோட்டமாக இறக்காதீர்கள். அப்படிச் செய்தால் கடைசி கமிட் (ஒரு மாற்றத்தின் பதிவு) மட்டும்தான் வரும், இந்த வேலைக்கு அது உதவாது. நமக்கு வேண்டியது பழைய கதைதான். முழுசாக இறக்கினால் சில ஜிபி ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஆவண வேலைக்கென்று தனிக் கிளை ஒன்று இருக்கிறது, டாக்ஸ்-நெக்ஸ்ட் என்று பெயர். ஆவணப் பகுதியின் மெயின்டெய்னர், அதாவது பொறுப்பாளர், ஜொனாதன் கார்பெட் வைத்திருக்கும் கிளை அது. முகவரி, மூலநிரலின் மேல்மட்டத்தில் இருக்கும் மெயின்டெய்னர்ஸ் கோப்பிலேயே இருக்கிறது. பேட்ச்சை, அதாவது நீங்கள் அனுப்பப்போகும் மாற்றத்தை, அதன் மேல் எழுதுவதுதான் நல்லது. நீங்கள் அழிக்க நினைத்ததை வேறொருவர் போன வாரமே அழித்திருந்தால் அங்கேதான் தெரியும்.

ஆவணங்கள் டாக்குமென்டேஷன் என்ற கோப்புறையில் இருக்கின்றன. முன்பெல்லாம் சும்மா உரைக்கோப்புகளும் டாக்புக் என்ற வேறு வடிவக் கோப்புகளுமாகக் கலந்து கிடந்தன. 2016-இல் ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவிக்கு மாறத் தொடங்கினார்கள். 2019 வாக்கில் மவுரோ கார்வால்யோ சேஹாப் ஏராளமான பழைய உரைக்கோப்புகளை ஸ்ஃபிங்க்ஸ் படிக்கும் ஆர்எஸ்டி வடிவத்துக்கு மாற்றினார். பெரிய உதவிதான், ஆனால் இதில் புதியவர்களை ஏமாற்றும் ஒரு சங்கதி இருக்கிறது. வடிவம் மாறியதால் கோப்பு புதுசுபோலத் தெரியும், உள்ளே இருக்கும் விஷயம் இருபது வருஷத்துக்கு முந்தையதாக இருக்கலாம். புதுப் பெயின்ட் அடித்த பழைய வீடு மாதிரி.

எங்கே தேடுவது

கெர்னலின் ஆவண வழிகாட்டியிலேயே சில அறிகுறிகள் சொல்லியிருக்கிறார்கள்: 2.x கெர்னலைப் பற்றிய பேச்சு, சோர்ஸ்ஃபோர்ஜ் இணைப்பு, பல வருஷமாக எழுத்துப்பிழைத் திருத்தம் தவிர வேறெதுவும் காணாத வரலாறு, கிட் வருவதற்கு முந்தைய வேலைமுறை. 2.6 வரிசை 2011-இல் 3.0 வந்ததோடு முடிந்துவிட்டது. ஆகவே ஒரு பக்கம் 2.6-ஐ நிகழ்காலத்தில் பேசினால் உடனே காது விடைக்க வேண்டும்.

என் சொந்த வழி கொஞ்சம் வேறு. கெர்னலிலிருந்து ஏற்கெனவே தூக்கப்பட்டவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக கிட் க்ரெப் என்ற தேடல் கட்டளையில் போட்டுத் தேடுவேன். டெவ்எஃப்எஸ் (கருவிக் கோப்புகளைத் தந்த பழைய கோப்பு முறை) 2.6.18-இல் போனது. டோக்கன் ரிங் 2012-இல், 3.5-இல் போனது. பழைய ஐடிஇ (ஒரு வன்தட்டு இணைப்பு முறை) டிரைவர்களை 2021-இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் நீக்கினார், 5.14-இல் வந்தது. டெக்நெட் 6.1-இல், இட்டானியம் 2024 ஜனவரியில் வந்த 6.7-இல், ரெய்சர்எஃப்எஸ் 2025 ஜனவரியில் வந்த 6.13-இல். டிரைவரை நீக்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் சொந்த ஆவணத்தையும் சேர்த்தே நீக்கிவிடுவார்கள். ஆனால் வேறு பக்கங்களில் போகிறபோக்கில் அதைச் சொல்லியிருப்பார்கள் பாருங்கள், அவை தப்பிவிடும்.

தட்டுப்பட்டதையெல்லாம் அழிக்கக் கூடாது

இங்கேதான் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஐடிஇ உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய ஐடிஇ டிரைவர் வன்தட்டுகளுக்கு ஹெச்டிஏ, ஹெச்டிபி என்று பெயர் வைக்கும். இன்று அதே தட்டுகளை லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் தொகுப்பு கவனிக்கிறது, பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி. சரி, ஹெச்டிஏ என்று தேடுகிறீர்கள். அது மூன்று விதமான இடங்களில் தட்டுப்படலாம்.

ஒன்று, அந்த டிரைவரைப் பற்றி மட்டுமே பேசுகிற பக்கம். டிரைவர் இல்லை, எனவே பக்கமும் வேண்டாம். கூசாமல் அழிக்கலாம்.

இரண்டாவது, வேறு ஏதோ ஒரு நல்ல விஷயத்தை விளக்கும் பக்கம், அதில் உதாரணத்துக்காக மட்டும் ஹெச்டிஏ1-ஐ ரூட் பகிர்வாகக் காட்டியிருப்பார்கள். பக்கத்துக்கு உயிர் இருக்கிறது, உதாரணத்துக்குத்தான் வயசாகிவிட்டது. எஸ்டிஏ1 என்று மாற்றி ஒரு வரி பேட்ச் அனுப்பினால் முடிந்தது. அதற்காகப் பக்கத்தையே தூக்கினால் திட்டு வாங்குவீர்கள்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. அட்மின் கையேட்டுக்குள் கருவி எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் பிளாக் கருவிகளில் (வன்தட்டு போன்றவை) மேஜர் எண் 3, முதல் ஐடிஇ இடைமுகத்துக்கு, அதாவது ஹெச்டிஏ-வுக்கு ஒதுக்கப்பட்டது என்று இருக்கும். டிரைவர் போன பின்னும் அந்த வரி பழையதாகிவிடவில்லை. அது ஒரு பதிவேடு. அந்த எண்ணை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வரி அங்கே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலகத்துப் பழைய அடங்கலைக் கிழிக்காமல் வைத்திருக்கிற மாதிரி.

இதே வகையில் ஏபிஐ (ABI, கெர்னலும் பயனர் நிரல்களும் பேசிக்கொள்ளும் இடைமுகங்கள்) என்ற துணைக் கோப்புறையையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குள் நிலையானவை, சோதனையில் உள்ளவை, வழக்கொழிந்தவை, நீக்கப்பட்டவை என்று நான்கு பிரிவுகள். டெவ்எஃப்எஸ் பற்றிய குறிப்பு ‘நீக்கப்பட்டவை’ பிரிவில் இன்னமும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஒரு இடைமுகம் எப்போது, ஏன் போனது என்று பயனர் நிரல் எழுதுபவருக்குச் சொல்வதே அந்தப் பிரிவின் வேலை. அங்கே போய்ச் சுத்தம் செய்கிறேன் என்று உட்காராதீர்கள். கிரெடிட்ஸ் கோப்பும் அப்படித்தான். இருபது வருஷத்துக்கு முன் பங்களித்தவர்களின் பெயர் அங்கே இருப்பது நன்றிக்காக.

ஆனால் எல்லாப் பட்டியலும் இப்படித் தப்பிவிடாது, அதற்கு ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. கெர்னலிலிருந்து எந்தெந்த வசதிகளை எப்போது நீக்கப் போகிறோம் என்று பட்டியல் போட்ட ஆவணம் ஒன்று இருந்தது. 2012-இல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஆவணத்தையே நீக்கிவிட்டார்.

இன்னொரு நிலைமையும் வரும். பக்கம் ரொம்பப் பழசு, ஆனால் உள்ளே பாதி இன்னும் சரி. அதைப் புதுப்பிக்கிற அளவுக்கு உங்களுக்கு விஷயம் தெரியாது. அப்போது அழிக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். பக்கத்தின் தலையில், இது காலாவதியான ஆவணம், கவனமாகப் பயன்படுத்தவும், திருத்தி பேட்ச் அனுப்பினால் நல்லது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி போடலாம். அதற்கான வாசகத்தையும் ஆவண வழிகாட்டியே தயாராக வைத்திருக்கிறது. நான் இதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்வேன். எச்சரிக்கை போட்ட பக்கங்கள் அந்த எச்சரிக்கையோடு இன்னும் பத்து வருஷம் உட்கார்ந்திருக்கும்.

சாட்சி சேர்ப்பது

ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இனி அது செத்துவிட்டது என்பதை இரண்டு பக்கமிருந்தும் காட்ட வேண்டும்.

முதலில் ஆவணத்தின் வரலாறு. கிட் லாக் கட்டளையை ஃபாலோ என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். அந்த விருப்பம் இல்லாவிட்டால், 2019-இல் கோப்பின் பெயர் மாறிய இடத்தோடு வரலாறு நின்றுவிடும், பக்கத்துக்கு வயசு குறைவு என்று ஏமாந்துவிடுவீர்கள். அந்த விருப்பத்தோடு ஓட்டினால், பழைய பக்கங்களில் பலவற்றின் வரலாறு ஒரே இடத்தில்தான் போய் முட்டும். 2005 ஏப்ரல் 16, 2.6.12-ஆர்சி2. கெர்னல் கிட்டுக்கு வந்த நாள் அது. அதற்கு முந்தைய கதை இந்தக் களஞ்சியத்திலேயே இல்லை. முதல் கமிட் அந்த நாள், நடுவில் வடிவ மாற்றம், அப்புறம் இரண்டு எழுத்துப்பிழை என்று மட்டும் இருந்தால் உங்கள் சந்தேகம் வலுக்கிறது.

ஆனால் இது பாதி சாட்சிதான். யாரும் தொடாததாலேயே ஒரு ஆவணம் தப்பாகிவிடாது. மாறாத விஷயத்தை எழுதியிருந்தால் இருபது வருஷம் தொடாமலும் சரியாகவே இருக்கும். ஆகவே நிரலின் பக்கம் போங்கள். ஆவணம் சொல்கிற ஃபங்ஷன்கள், கான்ஃபிக் விருப்பங்கள், பூட் பாராமீட்டர்கள், ப்ராக் கோப்புகள் (கெர்னல் தன் நிலையைக் காட்டுபவை) ஆகியவற்றிலிருந்து ஐந்தாறு பெயர்களைப் பொறுக்கி, டாக்குமென்டேஷன் கோப்புறையைத் தவிர்த்து மற்ற இடங்களில் தேடுங்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் நல்லது. கிடைத்தால், பெயர் மட்டும் ஒன்றா, அதே பொருளா என்று திறந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் முக்கியமானது: அந்த நிரல் எந்த கமிட்டில் போனது? கிட் லாக்கில் எஸ் என்ற விருப்பம் இதற்கென்றே இருக்கிறது. ஒரு சொல் மூலநிரலில் சேர்ந்த, விலகிய கமிட்களை மட்டும் காட்டும். பொறுமையாக ஓடும், அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதில் மேலே நிற்கும், காலத்தால் கடைசியான கமிட்தான் நீங்கள் தேடியது. அதன் எண்ணில் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

வேர்களைப் பார்க்காமல் மரத்தை வெட்டாதீர்கள்

அந்தக் கோப்பை யார் யார் சுட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முழுப் பாதையை மட்டும் தேடினால் போதாது. இண்டெக்ஸ் கோப்பின் பொருளடக்கப் பட்டியலில் பெயர் நீட்சியில்லாமல் இருக்கும். நிரலின் கமெண்ட்டிலோ, இன்னும் அந்தக் காலத்து உரைக்கோப்பு நீட்சியோடு இருக்கும். ஆகவே கோப்பின் பெயரை மட்டும், நீட்சியை வெட்டிவிட்டு, மூலநிரல் முழுவதும் தேடுங்கள்.

நான் பார்க்கும் இடங்கள்: பொருளடக்கம், பிற ஆவணங்கள், கேகான்ஃபிக் (கெர்னல் விருப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு) உதவி வாசகங்கள், சி கோப்புகளின் கமெண்ட்கள், கெர்னல் அச்சிடும் பிழைச் செய்திகள், மெயின்டெய்னர்ஸ் கோப்பில் எஃப் என்று தொடங்கும் வரிகள் (எந்தக் கோப்பு யார் பொறுப்பு என்று சொல்பவை). கடைசியாக மொழிபெயர்ப்புகள். சீனம், இத்தாலியம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம் எல்லாம் தனிக் கோப்புறைகளாக இருக்கின்றன. நீங்கள் அழிக்கும் ஆங்கிலப் பக்கத்துக்கு அங்கே ஒரு பிரதி இருக்கலாம். என் முதல் நீக்கத்தில் இதைத்தான் கோட்டை விட்டேன். ஆங்கிலப் பக்கம் போய்விட்டது, சீனப் பக்கம் அதைக் கைகாட்டிக்கொண்டு நின்றது. கெர்னல் சோதனை ரோபோ எச்சரிக்கை மடல் அனுப்பியபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இன்னொரு கண்ணி. சில ஆர்எஸ்டி பக்கங்களில் சி கோப்பிலிருந்து ஃபங்ஷன் விளக்கங்களை இழுத்து ஒட்டும் கெர்னல்-டாக் வரிகள் இருக்கும். சுற்றிலும் உள்ள உரை பழையதாக இருந்தாலும், அந்த ஒரு வரி உயிரோடு இருக்கும் ஃபங்ஷன்களை வெளியே காட்டிக்கொண்டிருக்கலாம். பக்கத்தை அழித்தால் அவையும் சேர்ந்து மறைந்துவிடும். அப்படி இருந்தால் அந்த வரியை முதலில் பொருத்தமான வேறு பக்கத்துக்குக் குடிமாற்றுங்கள்.

இப்போது அழிக்கலாம்

கிட் ஆர்எம். அவ்வளவுதான். அதே பேட்ச்சில் பொருளடக்க வரியையும், மற்ற சுட்டல்களையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கமிட்டும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும், முதல் பேட்ச்சில் உடைத்து மூன்றாம் பேட்ச்சில் ஒட்டவைக்கிற வேலை இங்கே செல்லாது. அழித்ததால் ஒரு துணைக் கோப்புறையில் இண்டெக்ஸ் மட்டும் மிஞ்சினால் அதையும் எடுத்துவிடலாம்.

பிறகு சரிபார்ப்பு. மேக் ரெஃப்செக்டாக்ஸ் என்று ஓட்டினால், இல்லாத ஆவணக் கோப்பைச் சுட்டும் இடங்களைச் சொல்லும். அடுத்து மேக் ஹெச்டிஎம்எல்டாக்ஸ். ஸ்ஃபிங்க்ஸ் இல்லையென்றால் எந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று அதுவே சொல்லும். ஒரு கோப்புறையை மட்டும் கட்டிப் பார்க்கவும் வழி உண்டு, வேகமாக முடியும். ஆனால் நீக்கும் வேலைக்கு முழுசாகக் கட்டுங்கள். குறுக்குச் சுட்டல் எங்கே அறுந்தது என்பது அப்போதுதான் தெரியும். எச்சரிக்கைகள் ஏற்கெனவே நிறைய வரும் என்பதால், அழிப்பதற்கு முன் ஒரு முறை ஓட்டி வெளியீட்டைச் சேமித்துவைத்து, அழித்த பின் வருவதோடு ஒப்பிடுங்கள். புதிதாக ஒன்றுகூட முளைத்திருக்கக் கூடாது.

பேட்ச்சைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டையும் ஓட்ட வேண்டும். கோப்பு சேர்ந்தாலோ நகர்ந்தாலோ அழிந்தாலோ, மெயின்டெய்னர்ஸ் கோப்பைத் திருத்த வேண்டுமா என்று ஒரு எச்சரிக்கை தரும். நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்றால் அதைத் தாண்டிப் போகலாம், பிழை இல்லை.

கமிட் செய்தி

ஆயிரம் வரி அழிக்கும் பேட்ச்சை யாரும் வரிவரியாகப் படிக்கப் போவதில்லை. ஏனென்றால் எல்லா வரியிலும் கழித்தல் குறிதான். அவர்கள் படிப்பது உங்கள் கமிட் செய்தியை. அதனால் வழக்கு அங்கேதான் ஜெயிக்கும் அல்லது தோற்கும்.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் அலங்கார ஆங்கிலம் வேண்டாம். மூன்று நான்கு சின்ன வாக்கியம் போதும். ‘இந்த ஆவணம் பழசாகிவிட்டது, எனவே நீக்குகிறேன்’ என்று மட்டும் எழுதினால், பழசு என்று யார் சொன்னது என்ற கேள்விதான் திரும்பி வரும். சாரம் இப்படி இருக்கட்டும்: ‘இந்தப் பக்கம் விளக்கும் டிரைவர் 5.14-இல், இன்ன கமிட்டில் நீக்கப்பட்டது. இதில் சொல்லப்படும் கான்ஃபிக் விருப்பங்கள், பாராமீட்டர்கள் எதுவும் இன்றைய மூலநிரலில் இல்லை. 2005-க்குப் பிறகு உள்ளடக்க மாற்றம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்தையும் அதைச் சுட்டும் இரண்டு இடங்களையும் நீக்கவும்.’ தலைப்பு வரிக்கு முன்னொட்டு என்ன போடுவது என்று குழம்பினால், அதே கோப்புறையின் கிட் லாக்கைப் பாருங்கள், அங்கே என்ன பழக்கமோ அதையே பின்பற்றுங்கள். வரிகள் 75 எழுத்துக்குள். கடைசியில் உங்கள் பெயரோடு சைன்டு-ஆஃப்-பை வரி (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி). அது இல்லாத பேட்ச் செல்லாது.

பேட்ச் கோப்பை உருவாக்கும்போது கிட்டில் பெரிய டி என்று ஒரு விருப்பம் கண்ணில் படும். அழிந்த வரிகளைக் காட்டாமல் பேட்ச்சைச் சின்னதாக்கும். ஆசைப்படாதீர்கள். அது பார்வைக்கு மட்டும், அந்த பேட்ச்சை யாராலும் தன் மூலநிரலில் பொருத்த முடியாது.

அனுப்பி, காத்திருந்து

யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். ஆவணப் பகுதிக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அந்த டிரைவரோ துணைப்பகுதியோ யாருடையதோ அவருக்கும் போக வேண்டும். பக்கம் செத்துவிட்டதா என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான். கிட் சென்ட்-இமெயில் கொண்டு வெறும் உரையாக அனுப்புங்கள், இணைப்பாக ஒட்டக் கூடாது.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரமாவது பொறுங்கள், இரண்டு மூன்று வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை வெளியாகிறது, அதில் முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஒன்றுசேர்க்கும் வேலையில் மூழ்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஆவண நீக்கத்தை யாரும் சீந்த மாட்டார்கள்.

பதில் வந்தால் அது மறுப்பாகவும் இருக்கலாம். காலாவதியான ஆவணத்தை நீக்க வரும் எதிர்ப்பு ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கும் என்று ஆவண வழிகாட்டியே ஒத்துக்கொள்கிறது. வரலாற்று மதிப்பு இருக்கிறதே என்பார்கள். அதற்குப் பதில் கிட்தான். அழித்த கோப்பு வரலாற்றில் அப்படியே இருக்கிறது, யாரும் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். ‘இதில் இரண்டாம் பகுதி இன்னும் சரி’ என்று மெயின்டெய்னர் சொன்னால் மட்டும் வாதாடாதீர்கள். எந்தப் பகுதி என்று கேட்டு வாங்கி, அதைக் காப்பாற்றி, மீதியை நீக்கி இரண்டாம் பதிப்பு அனுப்புங்கள். கமிட் செய்திக்கு அடுத்து வரும் மூன்று கோட்டுக் குறியின் கீழே, முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மற்ற இயங்குதளங்களில் சடங்குகள் வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு மேன் பக்கத்தை (கையேட்டுப் பக்கம்) மூலநிரலிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே நிறுவியவர்களின் கணினியில் அது கிடக்குமே! அதற்காக, வழக்கொழிந்த கோப்புகளின் பட்டியலில் தேதியோடு ஒரு பதிவு சேர்க்க வேண்டும். பயனர் மேக் டெலிட்-ஓல்ட் ஓட்டும்போது அது துடைத்துவிடும். லினக்ஸ் கெர்னலில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஒன்று. பழுது நீக்கும் பேட்ச்களில் ஸ்டேபிள் கிளைக்கும் (ஏற்கெனவே வெளியான பதிப்புகளைத் திருத்திக் காக்கும் கிளை) ஒரு பிரதி அனுப்பும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு உங்கள் நீக்கத்துக்கும் ஸ்டேபிள் வரியைச் சேர்த்துவிடாதீர்கள். 5.10 போன்ற நீண்டகாலப் பதிப்புகளில் அந்தப் பழைய ஐடிஇ டிரைவர் இன்னும் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கிய கம்ப்யூட்டரில் அதை ஓட்டுகிறவருக்கு டிஎம்ஏ பாராமீட்டரும் வேலை செய்யும், அந்தப் பக்கமும் வேண்டியிருக்கும்.